சைக்கிள் இருக்கையும் நெடும் பயணமும்

ஆகஸ்டுத் திங்களின் இறுதியில், வேளாங்கண்ணித் திருத்தலத்தில் கொடியேற்றும் நாள் நெருங்கும்போது, தஞ்சைச் சாலையில் காவியுடை அணிந்த திருப்பயணிகள் சாரிசாரியாக நடந்து செல்வதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவர்களுக்கிடையே, கேரியரில் போர்வையையும் தூக்குச் சட்டியையும் கட்டிக்கொண்டு, சைக்கிளில் செல்லும் சிறு குழுக்களும் உண்டு. நடந்து செல்வோருக்கு வழியில் மோர்ப் பந்தல் உண்டு. கொப்புளத்துக்கு மருந்திடும் அன்பர்கள் உண்டு. சைக்கிளில் செல்வோரை மட்டும் எவரும் இரக்கத்தோடு நோக்குவதில்லை. “இவர்களுக்கென்ன, உட்கார்ந்துதானே போகிறார்கள்!” என்பதே ஊராரின் தீர்ப்பு. அவ்வாறு உட்கார்ந்து போவதில் எத்தகைய துன்பம் உண்டு என்பதையும், அத்துன்பத்தைப் பெரும்பாலும் நீக்கிக்கொள்ள வழி உண்டு என்பதையும் எடுத்துரைக்கவே இதனை எழுதப் புகுந்தோம்.

1983-ஆம் ஆண்டில் எங்கள் பங்கிலிருந்து பதினொரு பேர் திருச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரண்டு நாட்களில் சென்றடைவதென்று திட்டம். அனைவருடைய சைக்கிளும் அக்காலத்தில் வீட்டுக்கு வீடு காணப்பட்ட கறுப்பு நிறக் கனத்த வண்டிகளே. புறப்படுவதற்கு முன்னாள் நாம் ஒரு சைக்கிள் கடைக்குச் சென்று, இருக்கையின்மேல் போடுவதற்குத் தடித்த பஞ்சு உறை ஒன்றை வாங்கினோம். நாற்புறமும் பட்டுக் குஞ்சம் தொங்கும் அழகிய உறை அது. “மெத்தை மாதிரி இருக்கும் சார், மதராஸ் வரைக்கும் போகலாம்” என்றார் கடைக்காரர். மதராஸ் வேண்டாம், வேளாங்கண்ணி போதும் என்று சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்தோம்.

முதல் ஒரு மணி நேரம் கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருந்தது. திருவெறும்பூரைத் தாண்டியபோது மெத்தை மறைந்து, ஏதோ ஒரு வேண்டாத அழுத்தம் மட்டும் எஞ்சியது. வல்லம் வந்தபோது இருக்கையில் நிலைகொள்ளாமல் நெளிந்தோம். தஞ்சையில் இரவு தங்கி மறுநாள் காலையில் ஏறி அமர்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. கைகளோ வேறு விதமாக முறையிட்டன. மோதிர விரலும் சிறுவிரலும் மரத்துப் போயின. நீடாமங்கலத்தில் செபமாலையை முடித்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, சைக்கிளைப் பேருந்தின் கூரையில் ஏற்றினோம். அன்னையின் திருத்தலத்தைச் சைக்கிளில் சென்றடைந்தோர் எழுவர். பேருந்தில் சென்றடைந்தோர் நால்வர். நாம் அந்நால்வருள் ஒருவராவோம்.

எங்கள் பங்கில் அப்போது முதியவரான உபதேசியார் ஒருவர் இருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏழு கிளைக் கிராமங்களுக்குச் சைக்கிளிலேயே சென்று ஞான உபதேசம் கற்பித்தவர். அவருடைய இருக்கை பழைய தோல் இருக்கை. விரலால் அழுத்தினால் பலகையைப் போல் இருக்கும். அதில் அமர்ந்து அவர் ஒரு நாளில் நாற்பது கிலோமீட்டர் போய் வந்து, மாலையில் கோவில் மணியும் அடிப்பார். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம் கதையைக் கேட்டு, சைக்கிளைக் கொண்டுவரச் சொன்னார். மாதா கெபியின் சுவரில் அதைச் சாய்த்து வைத்துவிட்டு, பஞ்சு உறையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் முழுவதும் உள்ளே போயிற்று.

“தம்பி, நீங்க இதுமேலே உட்காரலே, இதுக்குள்ளே புதைஞ்சு போயிருக்கீங்க” என்றார்.

அவர் மருத்துவம் படித்தவரல்லர். ஆயினும் அவர் கூறிய அந்த ஒரு வாக்கியத்திலேயே இக்காரியத்தின் அடிப்படை முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். மனிதன் அமரும்போது உடற்பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகளைப் படைத்தவர் வைத்திருக்கிறார். கையை அடியில் வைத்துக் கட்டாந்தரையில் அமர்ந்து பார்த்தால் அவை எங்கே இருக்கின்றன என்பது தெரியும். அவ்விரு முனைகளும் பாரத்தைத் தாங்குமாயின் நோவு சிறிது. சில வாரங்களில் பழகியும் விடும். அவற்றுக்கு இடையே உள்ள பகுதி பாரம் தாங்குவதற்காக அமைந்ததன்று. அங்கே மெல்லிய நரம்புகளும் குருதிக் குழாய்களும் ஓடுகின்றன. இருக்கை மிகவும் மென்மையாக இருந்தால், எலும்பு முனைகள் இரண்டும் பஞ்சில் புதைந்து இறங்க, நடுவிலுள்ள பஞ்சு மேலெழும்பி அந்த மெல்லிய பகுதியை அழுத்துகிறது. கால் மணி நேரத்துக்கு இன்பமாக இருப்பது நான்கு மணி நேரத்தில் துன்பமாவது இதனாலேதான். கடைத்தெருவுக்குப் போய் வருபவருக்குப் பஞ்சு இருக்கை குற்றமில்லை. நெடுவழி செல்பவருக்கோ, உறுதியாகவும் தம் எலும்புகளின் அகலத்துக்குப் பொருத்தமாகவும் உள்ள இருக்கையே வேண்டும்.

அகலம் எவ்வளவு என்பதை வீட்டிலேயே அளக்கலாம். பெட்டி செய்யப் பயன்படும் மடிப்பு அட்டையில் ஒரு துண்டை எடுத்துத் திண்ணையின்மேல் வைத்து, அதன்மேல் அமர்ந்து, முழங்கால்களைச் சற்று உயர்த்தி, முன்னே சாய்ந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு பள்ளங்கள் தெரியும். ஒரு பள்ளத்தின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரையுள்ள தூரமே உங்கள் அளவு. பெரும்பாலோருக்கு அது 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் அமையும். பெண்களுக்குப் பொதுவாகச் சற்று மிகுதி. இருக்கையின் பின்பகுதி இந்த அளவைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும்; நிமிர்ந்து அமர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். ஆளின் பருமனுக்கும் இந்த அளவுக்கும் தொடர்பு அதிகமில்லை. பருத்தவருக்குக் குறுகிய இருக்கை பொருந்துவதும், மெலிந்தவர் அகன்ற இருக்கையைத் தேடுவதும் உண்டு. ஆகையால் கடையில் கண்ணால் பார்த்து வாங்குவது பெரும்பாலும் பொய்த்துவிடுகிறது.

தோல் இருக்கையைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1866-இல் தோற்பொருள் தொழிலைத் தொடங்கியவர் ஜான் பூல்ட்பி புரூக்ஸ் என்பவர். 1878-இல் அவருடைய குதிரை இறந்துபோகவே, வேலைக்குச் செல்வதற்கு ஒரு சைக்கிளை இரவல் வாங்கினாராம். அதன் இருக்கை மரத்தாலானது. குதிரைச் சேணத்தின் சுகத்துக்குப் பழகியவருக்கு அது பொறுக்கவில்லை. 1882-இல் தோலை இழுத்துக் கட்டிய இருக்கைக்கு அவர் காப்புரிமை பெற்றார் என்று அந்நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். குதிரை செத்தது உலகத்துச் சைக்கிள்காரர்களுக்கெல்லாம் நன்மையாக முடிந்தது. அந்நாளில் காற்றடைத்த டயர்கூட வரவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். டன்லப் என்பவர் அதைச் செய்தது 1888-இல்தான். சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணிக்கொண்டு சென்ற காலம் அது.

தோல் இருக்கை தொட்டில் துணியைப் போன்றது. முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டு, நடுவில் தொங்கி நிற்கிறது. புதிதாக இருக்கையில் அது கல்லைப் போல் இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் எலும்பு முனைகள் படும் இடங்களில் இரண்டு சிறு பள்ளங்கள் விழும். அதன்பின் அது அவருக்கே உரியது. வேறொருவர் அமர்ந்தால் பொருந்தாது. மழையில் நனைந்த தோலின்மேல் அமர்ந்து ஓட்டினால் அது தொய்ந்து உருக்குலைந்துவிடும். ஆகவே உபதேசியார் தம் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நெகிழித்தாள் பையை வைத்திருப்பார். மழை தூறினால் முதலில் இருக்கைக்கு முக்காடு, பிறகுதான் தம் தலைக்கு. தோலுக்கு உரிய மெழுகை எப்போதாவது அடிப்புறத்தில் பூசலாம். எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றி ஊறவைப்பது தோலைக் கெடுக்கும். இந்நாளில் தோல் இருக்கை கிடைப்பது அரிது, விலையும் மிகுதி. உறுதியான நுரைத் திண்டு வைத்து, நடுவில் நீளவாட்டில் பள்ளமோ திறப்போ விட்டுச் செய்த இருக்கைகள் கடைகளில் கிடைக்கின்றன. பலருக்கு அவை நன்கு பொருந்துகின்றன.

ஆயினும் எத்தனை நல்ல இருக்கையை வாங்கினாலும், அதைப் பொருத்தும் உயரம் தவறானால் பயனில்லை. நம் ஊர்களில் பத்துச் சைக்கிளைப் பார்த்தால் ஏழில் இருக்கை மிகவும் தாழ்ந்திருக்கும். இருக்கையில் அமர்ந்தவாறே இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்னும் விருப்பமே காரணம். சிறு வயதில் பெரிய சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்துப் பழகிய தலைமுறைக்கு, கால் தரைக்கு எட்டுவதே பெரிய பேறாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அவ்வாறு தாழ்த்தியபின் பெடலை மிதிக்கும்போது முழங்கால் மார்புக்கு ஏறி வருகிறது. தொடை முழுப்பலத்தைக் கொடுக்க இயலாமல், பாரம் கால்களுக்குப் போகாமல், முழுவதும் இருக்கையிலேயே தங்கிவிடுகிறது. இது முக்கியமான செய்தி. கால்கள் பெடலை உறுதியாக அழுத்தும்போது உடற்பாரத்தில் ஒரு பங்கு பெடலுக்குப் போகிறது. தாழ்ந்த இருக்கையில் அமர்ந்தவர் நாற்காலியில் அமர்ந்தவரைப்போல் முழுப்பாரத்தோடு அமர்ந்திருக்கிறார்.

உபதேசியார் எமக்குக் காட்டிய முறை எளியது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, செருப்பணிந்தபடியே ஏறி அமருங்கள். ஒரு பெடலை மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தால் மிதிப்பீர்கள் ஆதலால், முழங்காலில் சிறிது மடிப்பு தானே வந்துவிடும். அம்மடிப்பு 25 முதல் 35 பாகைக்குள் இருப்பது நல்லது. இதற்குக் கணக்கும் உண்டு. ஹாம்லி, தாமஸ் என்னும் இருவர் இங்கிலாந்தில் ஆராய்ந்து, கவட்டிலிருந்து தரை வரையுள்ள கால் நீளத்தை 1.09-ஆல் பெருக்கினால், தாழ்ந்த பெடலிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரை வேண்டிய அளவு வரும் என்று 1967-இல் எழுதினார்கள். கால் நீளம் 78 சென்டிமீட்டரானால் 85 சென்டிமீட்டர். குறுகிய நேரத்தில் மிகுந்த பலம் காட்டுவதற்கு உரிய அளவு அது; நாள் முழுவதும் ஓட்டுபவர் அதிலிருந்து சற்றுத் தாழ்த்திக்கொள்வது உடலுக்கு இதமாக இருக்கும். நாம் நம் சைக்கிளை அளந்தபோது இருக்கை பதினோரு சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது!

ஒரே நாளில் அத்தனையும் உயர்த்தவில்லை. வாரத்துக்கு ஒரு விரற்கடையாக உயர்த்தினோம். உடல் தன் பழக்கத்தை மெல்லத்தான் விடும். முழங்காலின் முன்புறம் வலித்தால் இருக்கை தாழ்ந்திருக்கிறதென்றும், பின்புறம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமுமாக ஆடினாலோ அது மிகவும் உயர்ந்துவிட்டதென்றும் பெரும்பாலும் கொள்ளலாம். பின்னால் வருபவரிடம் இடுப்பு ஆடுகிறதா என்று பார்க்கச் சொல்வதே இதற்கு நல்ல சோதனை. மேலும், இருக்கையைத் தாங்கும் தண்டு சட்டகத்துக்குள் போதிய ஆழம் இறங்கியிருக்க வேண்டும். புதிய தண்டுகளில் அதற்கென எல்லைக்கோடு பொறித்திருப்பார்கள். அக்கோடு வெளியே தெரியும்படி ஒருபோதும் உயர்த்தலாகாது. தண்டு முறிந்தால் நேரும் கேட்டை விவரிக்க வேண்டியதில்லை.

சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருக்கை பொதுவாகத் தரைக்கு இணையாக, ஏணிச் சட்டம் வைத்துப் பார்த்தாற்போல் மட்டமாக இருக்க வேண்டும். அழுத்தத்துக்குப் பயந்து பலர் அதன் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் ஓயாமல் தள்ள வேண்டும். நம் விரல்கள் மரத்துப்போனதன் இரகசியம் அங்கேதான் இருந்தது. தோல் இருக்கைக்கு மட்டும் மூக்கு ஒரு நூல் அளவு உயர்ந்திருக்கலாம். பழைய சைக்கிள்களில் இருக்கையின் அடியிலுள்ள பிடியில் சிறு பற்கள் இருக்கும். இருபுறத்து நட்டையும் தளர்த்தி ஒரு பல் நகர்த்தினாலே சாய்வில் பெரிய மாற்றம் தெரியும். அதே பிடியில் இருக்கையை முன்னும் பின்னும் தள்ளலாம். பெடல்கள் இரண்டும் தரைக்கு இணையாக நிற்கையில், முன்னேயுள்ள முழங்காலின் முன்பகுதியிலிருந்து கொத்தனாரின் தூக்குநூலைத் தொங்கவிட்டால், அது பெடலின் அச்சுக்கு ஏறத்தாழ நேராக வரவேண்டும் என்பது பலரும் கையாளும் தொடக்க அளவு.

கைப்பிடியின் உயரத்தில் இரு தவறுகள் நேர்கின்றன. நம் பழைய சைக்கிள்களில் அது இருக்கையைவிட மிக உயர்ந்து, ஓட்டுபவர் தேரில் அமர்ந்த அரசரைப்போல் நிமிர்ந்திருப்பார். பார்வைக்கு அழகுதான், ஆனால் பாரம் முழுவதும் நேராக இருக்கையில் இறங்குகிறது, குழியில் விழும் ஒவ்வொரு அடியும் முதுகெலும்பில் ஏறுகிறது. அதைத் தாங்கவே அவ்வகை வண்டிகளின் இருக்கைக்கடியில் சுருள்வில்கள் வைத்தார்கள். பந்தயச் சைக்கிளில் குனிந்து செல்லும் வீரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுக் கைப்பிடியை மிகத் தாழ்த்திக்கொள்ளும் இளைஞர்களோ, கழுத்து வலியோடு வீடு திரும்புகிறார்கள். கைப்பிடி இருக்கையின் மட்டத்திலோ சற்று உயர்ந்தோ இருந்து, முழங்கைகள் சிறிது மடிந்து, உடல் இலேசாக முன்சாய்ந்திருந்தால், கை, கால், இருக்கை மூன்றும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்.

இங்கே நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் தனியாகச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதை நாடே வியந்து பார்த்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிதும் ஊக்கமளித்தார். அப்பெண்களில் பலர் ஆண்கள் ஓட்டும் வண்டியையே ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. போற்றத்தக்க துணிவு. எனினும் கணவரின் அளவுக்கும் எலும்புக்கும் பொருந்திய இருக்கை மனைவிக்குப் பொருந்தாது. இருவரும் ஒரே சைக்கிளை ஓட்டும் வீடுகளில், உயரத்தையாவது அவரவருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு அகன்ற பின்பகுதியும் குறுகிய மூக்கும் உள்ள இருக்கை பொதுவாக ஏற்றது. “ஸ்பானரை எடுத்தால் ஆண்பிள்ளை வேலை” என்று சொல்லும் மாமியார்கள் இன்னும் இருந்தால், அவர்கள் இக்கட்டுரையை ஒருமுறை படிக்கட்டும்.

மாற்றிய அளவை மறவாமலிருக்க, தண்டில் வர்ணத்தால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்லது. கடையில் ஓவராயில் செய்து திரும்பும் சைக்கிளில் இருக்கை எங்கேயாவது போயிருக்கும். அக்கோடு இருந்தால் ஒரு நொடியில் சரிசெய்யலாம்.

தண்டைப் பற்றிப் பேசும்போது ஜினோ பர்தாலியை எண்ணாமலிருக்க முடியவில்லை. 1938-இலும் 1948-இலும் டூர் டி பிரான்சு பந்தயத்தில் வென்ற இத்தாலிய வீரர் அவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். 1943, 1944 ஆண்டுகளில் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்திருந்தபோது, புளோரன்சு பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தாவின் முயற்சிகளுக்குத் துணைநின்று, யூதர்களைக் காக்கும் போலி அடையாளச் சீட்டுகளுக்கான தாள்களையும் படங்களையும் தம் சைக்கிளின் குழாய்களுக்குள் சுருட்டி மறைத்து, பயிற்சி என்ற பெயரில் புளோரன்சுக்கும் அசிசிக்கும் இடையே கொண்டுசென்றார் என்பர். வழியில் மறித்த படைவீரரிடம், வண்டியின் ஒவ்வொரு பாகமும் தம் உடலுக்கென அளவெடுத்துப் பொருத்தியது, தொட்டுக் குலைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வாராம். அவர்களும் தொடாமல் விட்டார்களாம். இருக்கையைக் கழற்றியிருந்தால் கதை வேறாகியிருக்கும். அவர் உயிரோடிருந்தவரை இதைப் பற்றி அதிகம் பேசவில்லை, 2000-இல் காலமானார். யூத மக்களின் யாத் வாஷெம் நினைவகம் கர்தினாலை 2012-இலும், பர்தாலியை 2013-இலும் நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. கோமோ ஏரியை அடுத்த மலைமேல் கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கிறது. அந்த அன்னையை 1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். சுவரெங்கும் வீரர்கள் காணிக்கையாக அளித்த சைக்கிள்கள் தொங்கும் அவ்வாலயத்தில் பர்தாலியின் சைக்கிளும் உண்டு.

இனி, இதை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருவோம். 1983-இல் எங்களோடு வந்தவர்களுள் இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவர் இருந்தார். வேளாங்கண்ணி வரை சைக்கிளிலேயே வந்து சேர்ந்த எழுவரில் அவர் ஒருவர். திருவாரூருக்குப் பின் அவர் பெரும்பாலும் பெடலின்மேல் நின்றுகொண்டே வந்தார் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள்; இளமைத் துள்ளல் என்று எண்ணிச் சிரித்துமிருக்கிறார்கள். அவர் ஆலை ஒன்றில் வேலை செய்தார். நாள்தோறும் போக வர இருபத்துநான்கு கிலோமீட்டர் சைக்கிள் பயணம். அவ்வாண்டு அவருக்கு மணம் பேசி முடித்திருந்தார்கள். கோவிலில் ஓலை வாசிக்கக் கொடுக்க வேண்டிய வாரத்தில், எனக்குத் திருமணம் வேண்டாம் என்று திடீரெனச் சொல்லிவிட்டார். தாய் அழுதார். பெண் வீட்டார், பெண்ணின்மேல் ஏதேனும் பழி கேட்டீர்களா என்று கொதித்தார்கள். பங்குத்தந்தை அழைத்துக் கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

அவர் வாய் திறந்தது கெபியின் சுவரருகே, உபதேசியார் ஸ்பானரோடு குனிந்திருந்தபோது. பயணத்துக்குப் பின் இடுப்பின் அடிப்பகுதி முழுவதும் உணர்ச்சியற்று மரத்துப்போயிருந்தது; நாள்தோறும் ஆலைக்குப் போய் வரவே அது நீங்கவில்லை; தாம் இல்லற வாழ்வுக்குத் தகுதியற்றவராகிவிட்டோம் என்று அஞ்சி, ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுக்கக்கூடாதென்று விலகியிருக்கிறார். இதை எவரிடம் சொல்வது? தாயிடமா, நண்பரிடமா? உபதேசியார் அவரை அன்று மாலையே மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நரம்பின்மேல் விழும் அழுத்தமே காரணம், அழுத்தத்தை நீக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்று மருத்துவர் விளக்கி, சில வாரங்கள் சைக்கிளைத் தொடக்கூடாதென்றார். அவ்வாறே ஐந்து வாரம் பேருந்தில் வேலைக்குப் போனார். உணர்ச்சி முழுவதும் திரும்பியது. பெண் வீட்டாரைச் சமாதானப்படுத்தப் பங்குத்தந்தை இரண்டு முறை நடக்க வேண்டியிருந்தது என்றாலும், தவக்காலத்துக்கு முன்பே ஓலை வாசித்து மணம் நிறைவேறியது.

எல்லோருக்கும் இப்படி எளிதில் முடியும் என்று கூற மாட்டோம். ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறோம். ஓட்டும்போது அவ்விடத்தில் மரத்துப்போனால் அது பொறுத்துக்கொள்ள வேண்டிய சிலுவையன்று. உடனே இறங்க வேண்டும் என்னும் எச்சரிக்கை. இறங்கி நடந்தபின்னும் மரமரப்பு நீங்காவிட்டாலோ, சிறுநீர் கழிப்பதில் துன்பம் இருந்தாலோ, சிறுநீரில் குருதி தென்பட்டாலோ மருத்துவரிடம் செல்வதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. பெற்றோர், நாள்தோறும் சைக்கிளில் பள்ளிக்கோ வேலைக்கோ செல்லும் பிள்ளைகளிடம் இதைக் கூச்சமின்றிக் கேட்கலாம். பெண் பிள்ளைகளிடம் தாய் கேட்பது நலம். அவர்களுக்கும் இதே துன்பம் வரும்.

மற்றவை சிறு செய்திகள். கால் மணிக்கு ஒருமுறை பெடலின்மேல் எழுந்து நின்று அரை நிமிடம் ஓட்டினால் குருதி ஓட்டம் திரும்பும். மூட்டையை முதுகில் சுமக்காமல் கேரியரில் கட்ட வேண்டும். முதுகிலுள்ள பத்துக் கிலோவும் இருக்கையில்தான் இறங்குகிறது. வேட்டியை மடித்துக் கட்டிச் செல்வோர் முடிச்சும் மடிப்பும் அடியில் சிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தடித்த தையல் நடுவில் ஓடும் கால்சட்டையும் அவ்வாறே தோலை உராயும். வியர்வையில் நனைந்த உள்ளாடையை நண்பகல் இளைப்பாறுகையில் மாற்றிக்கொள்வது, எந்த மெத்தையையும்விட மிகுந்த சுகம் தரும். புதிய இருக்கையைத் திருப்பயணத்தன்று முதன்முதலாகப் பூட்டக் கூடாது. இரண்டு மாதம் முன்பே பூட்டி, முதலில் பத்து, பிறகு இருபது, பிறகு நாற்பது கிலோமீட்டர் என்று பழகிக்கொள்ள வேண்டும்.

1984-இல் மீண்டும் புறப்பட்டோம். குஞ்சம் கட்டிய உறை வீட்டில் பூனைக்குப் படுக்கையாயிற்று. நீடாமங்கலத்தில் போன ஆண்டு பேருந்தேறிய இடத்தில் இறங்கி, தேநீர் அருந்தி, மீண்டும் ஏறினோம். நோவே இல்லை என்று சொன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதாகிவிடும். நோவு இருந்தது, ஆனால் அது உழைத்த தசையின் நோவு. நாகையைக் கடந்து கடற்காற்று முகத்தில் பட்டபோது பதினொருவரும் சைக்கிளிலேயே இருந்தோம்.

உபதேசியார் சில ஆண்டுகளுக்குப் பின் இறைவனடி சேர்ந்தார். அவருடைய தோல் இருக்கையை அவர் மனைவி அந்த இளைஞரிடம் கொடுத்தார். அவர் அதைத் தம் சைக்கிளில் பூட்டி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். முப்பது ஆண்டு உபதேசியாரின் எலும்புகள் பதித்த பள்ளங்கள் அவருக்கு ஒரு விரல் விலகியே இருந்தன. வேறோர் இருக்கையை அளந்து வாங்கிக்கொண்டு, அதைக் கழற்றித் துடைத்து, வீட்டுக்குள் பீடத்துக்குப் பக்கத்திலுள்ள ஆணியில் மாட்டினார். இன்றும் அது அங்கேயே தொங்குகிறது.